கேட்டுவிட்டுத் தொடும் அறை

துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடியே கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளை இறக்குவது வினோலியாவின் வேலை. கடல்காற்று அடித்துப் பெட்டி ஊஞ்சலாடும்போதுகூட அவள் கை பதறியதில்லை. அப்படிப்பட்டவள், தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் இருந்த அந்தத் தாய்மை இல்லத்தின் வாசலில் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, மறு செருப்போடு அப்படியே நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து ஸ்பிரிட் வாசனை வந்தது. அவ்வளவுதான்.

"வினோ, என்ன செய்யுது?" என்றான் அவள் கணவன் டைட்டஸ்.

கேள்வி காதில் விழுந்தது. பேச்சுதான் வரவில்லை. கையும் காலும் வேறு யாருடையவோ போலக் கிடந்தன.

உள்ளேயிருந்து பேறுகாலச் செவிலி தங்கபுஷ்பம் ஓடி வந்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பெண்களைத் தாங்கிப் பிடித்த கை அவருடையது. "ஒண்ணுமில்லம்மா, வா, வா" என்று வினோலியாவின் முழங்கையைப் பிடித்தார். மறுகணம் வினோலியாவின் கை அவர் முகத்தில் அறைந்தது. மூக்குக் கண்ணாடி படியில் விழுந்து உடைந்தது.

தான் என்ன செய்தோம் என்று வினோலியாவுக்குப் புரிந்தபோது அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. "மன்னிச்சிருங்கக்கா, வேணும்னு செய்யல..." என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"கண்ணாடி கிடக்கட்டும்" என்றார் தங்கபுஷ்பம், கன்னத்தைத் தடவிக்கொண்டே. "டாக்டரக் கூப்பிடுதேன். நீ இங்கனயே இரு."

டாக்டர் நிலோஃபர் அவளை உள்ளே கூப்பிடவில்லை. வெள்ளைக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, வாசல் பூவரச மரத்தடியில் கிடந்த பெஞ்சில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். அங்கேயே ரத்த அழுத்தம் பார்த்தார்கள். கருவி காட்டியதைப் பார்த்து டாக்டரின் முகம் இறுகியது.

"இது உங்களுக்கு ரெண்டாவது பிள்ளைதானே? முதல் பிரசவத்துல என்ன நடந்துச்சு?"

வினோலியா சொல்லத் தொடங்கினாள். வேறு ஊரில், தாய்வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனை. விளக்குக்கு நேர்கீழே மல்லாக்கப் போட்டார்கள். வலியில் கத்தியபோது, "படுக்கும்போது தெரியலையா? சும்மா இரு" என்று தலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். இரண்டு பேர் கணுக்காலைப் பிடித்து அமுக்கினார்கள். யாரோ கத்தரிக்கோலை எடுக்கும் சத்தம் கேட்டது. என்ன செய்யப் போகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் கத்தவில்லை. உடம்பைவிட்டு எங்கோ போய்விட்டாள். "இப்பதான் நல்ல பிள்ளை" என்று அந்தக் குரல் பாராட்டியது.

"பொம்பளப் பிள்ள. கொஞ்ச நேரந்தான் இருந்தா" என்றாள். "கண்ணத் தொறந்து என்னையப் பாத்தா, டாக்டர். விரலப் பிடிச்சா. பிறகு மூச்சு நின்னுட்டு."

டைட்டஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளைப் பராமரிக்கிறவன். அன்று புயல் எச்சரிக்கையில் நடுக்கடலில் மாட்டிக்கொண்டான். வந்து சேர்ந்தபோது சவப்பெட்டியை மூடியிருந்தார்கள். திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டான். மகள் முகத்தை அவன் பார்த்ததில்லை.

டாக்டர் ரத்த அழுத்தக் கருவியை மடித்து வைத்தார். பிறகு சொன்னார். "நீங்க பயந்தாங்கொள்ளி இல்ல. உங்க உடம்பு பயப்படுது. அது உங்ககிட்டக் கேட்டுட்டுப் பயப்படாது. ஆனா பிரசவ நேரத்துல பிரஷர் இப்படி ஏறினா வலிப்பு வரலாம். ரெண்டு உயிருக்கும் ஆபத்து."

"மயக்கம் குடுத்து ஆபரேஷன் செஞ்சிருங்களேன்."

"மயக்கம் குடுக்க உள்ள வரணும்ல? வாசல்லயே இப்படின்னா?" அவர் தயங்கினார். "தணிப்பு செஞ்சுக்கிறீங்களா?"

தணிப்பு என்றால் என்ன என்று அந்தக் காலத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தலையில் ஒரு வலைத்தொப்பி. பழைய நினைவு மூளையில் எங்கெங்கே ஓடுகிறது என்று அது படம் எடுக்கும். பிறகு அந்த ஓட்டத்தைத் தளர்த்திவிடுவார்கள். விபத்தில் தப்பியவர்களும், வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்தவர்களும் செய்துகொண்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். கர்ப்பிணிகளுக்கு அரசே இலவசமாகச் செய்தது.

"பயம் மட்டும் போகுமா?" என்று கேட்டாள் வினோலியா.

டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். "நினைவுங்கிறது ஒரு வலை மாதிரி. உங்க விஷயத்துல எல்லாம் ஒரே நாள்ல, ஒரே முடிச்சுல இருக்கு. பயத்த அறுத்தா அந்த நாள் முழுக்கப் போயிடும்."

"பிள்ளையுமா?"

"அவ முகமும்தான்."

வினோலியா வயிற்றில் கைவைத்தபடி எழுந்து, கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் நடந்தாள்.

*

கட்டுப்பாட்டு அறையில் அடுத்த இருக்கைக்காரி சண்முகவடிவு. அவளுக்கும் ஒரு பிள்ளை பிறந்து இறந்திருந்தது. தணிப்பு செய்துகொண்டவள். சாப்பாட்டு வேளையில் வினோலியா அவளிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கேன், வினோ" என்றாள் வடிவு. "ராத்திரி எந்திரிச்சு அழுறதெல்லாம் இல்ல. போன வருஷம் மக பிறந்தா, அவள வளக்க முடியுது. இல்லன்னா நான் உயிரோட இருந்திருக்க மாட்டேன்னு எங்க அம்மா சொல்லுதா." சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுத் தொடர்ந்தாள். "அந்தப் பிள்ளையோட போட்டோ இருக்கு. பாத்தா பக்கத்து வீட்டுப் பிள்ளையப் பாக்கிற மாதிரி இருக்கும். வலிக்காது. வலிக்கக் கூடாதுன்னுதானே போனேன்."

வடிவு சந்தோஷமாக இருந்தாள். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வடிவின் பிள்ளையை அவள் புருஷனும் அம்மாவும் பார்த்திருக்கிறார்கள். போட்டோ இருக்கிறது. தன் பிள்ளையை உயிரோடு பார்த்தவர் வேறு யார்? தான் மறந்துவிட்டால், அந்தக் கண் திறந்து பார்த்தது இந்த உலகத்தில் நடக்கவே இல்லை என்றாகிவிடுமே.

அன்று மாலை டைட்டஸிடம் இதைச் சொன்னாள். அவன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எனக்கு நீ வேணும், வினோ" என்றான். "இந்தப் பிள்ளையும் வேணும். அவளும் வேணும்தான். ஆனா எதக் கேக்கணும்னு எனக்குத் தெரியல."

"படம் மட்டும் எடுப்போம்" என்றாள் அவள். "அறுக்கிறத பிறகு பாத்துக்கிடுவோம்."

*

வலைத்தொப்பியை மரத்தடிக்கே கொண்டுவந்தார்கள். வினோலியா அந்த நாளை மெல்ல மெல்லச் சொல்ல, டாக்டரின் கைத்திரையில் கோடுகள் ஓடின. பயம் பற்றிக்கொண்ட இடமெல்லாம் சிவந்தது. பாதியில் அவள் குரல் அடைத்துக்கொள்ளும். நிறுத்துவார்கள். மறுநாள் தொடர்வார்கள். சில வாரங்களில் படம் முழுமையானது. ஓரத்தில் மட்டும் ஒரு சின்னத் திட்டு கறுப்பாகவே கிடந்தது.

"அது என்ன?" என்று கேட்டாள்.

"அங்க எதுவும் பதியல. சில பேருக்கு அப்படி இருக்கும்" என்ற டாக்டர், திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "புஷ்பம் அக்கா, இங்க வாங்களேன். வலி எங்க இருக்கு பாருங்க."

தங்கபுஷ்பம் குனிந்து பார்த்தார். "சிவப்பா இல்லையே."

"இல்ல. பிரசவ வலிக்கு இவங்க பயப்படல. கணுக்காலப் பிடிச்சது சிவப்பு. பின்னால கேட்ட குரல் சிவப்பு. தலைக்கு மேல விளக்கு, ஸ்பிரிட் வாசனை, தட்டுல சாமான் உரசுற சத்தம், 'சும்மா இரு'ங்கிற வார்த்தை, இதெல்லாம் கொழுந்துவிட்டு எரியுது."

வினோலியா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பழக்கமான ஏதோ ஒன்று அதில் தெரிந்தது.

"டாக்டர், காத்து அடிக்கும்போது நாங்க காத்த நிறுத்த மாட்டோம். பெட்டிய எங்கன இறக்கணும், எப்படி இறக்கணும்னு மாத்துவோம். இதுல சிவப்பா இருக்கிறதெல்லாம் இல்லாம ஒரு ரூம் இருந்தா?"

டாக்டர் நிமிர்ந்தார். தங்கபுஷ்பம்தான் முதலில் பேசினார்.

"அதெல்லாம் சொல்றதுக்கு நல்லா இருக்கும்மா. ரத்தம் போகும்போது உன்கிட்ட உத்தரவு கேட்டுட்டு நிக்க முடியாது. கையப் பிடிச்சதுக்கே என் கண்ணாடி போச்சு."

"அந்த நேரத்துல கேக்க முடியாதுன்னா இப்பவே கேளுங்கக்கா. என்னென்ன ஆகலாம், ஆனா என்ன செய்வீங்க. எல்லாத்தையும் இப்பவே சொல்லுங்க."

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "தணிக்கிறதுக்குத்தான் இந்தப் படத்த எடுக்கோம். வேற எதுக்கும் நான் யோசிச்சதே இல்ல" என்றார். பிறகு உறுதியாகச் சொன்னார். "முயற்சி செய்வோம். ஆனா ஒரு நிபந்தனை. எட்டாவது மாசம் முடியறதுக்குள்ள பிரஷர் இறங்கலன்னா தணிப்பு செஞ்சாகணும். உங்களையும் பிள்ளையையும் பலி கொடுத்து அந்த நினைவக் காப்பாத்த நான் சம்மதிக்க மாட்டேன்."

வினோலியா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "சரி" என்றாள்.

*

கடலைப் பார்த்த மூலை அறையை எடுத்துக்கொண்டார்கள். மேல்விளக்கைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் தாழ்வாக விளக்குகள் வைத்தார்கள். வாசனை இல்லாத மருந்துநீர் வந்தது. கட்டிலின் தலைமாட்டைச் சுவரோடு ஒட்டிப் போட்டார்கள், அவளுக்குப் பின்னால் யாரும் நிற்கவே முடியாதபடி. கருவித் தட்டில் சத்தம் வராதபடி துணி விரித்தார்கள். மணிக்கட்டில் கட்டிய நூல்போன்ற பட்டை அவள் உடம்பு உறையத் தொடங்குவதை அறிந்தால், கதவோரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். எரிந்தால் எல்லோரும் கையை எடுத்துவிட வேண்டும்.

முதல் நாள் அவள் வாசற்படி தாண்டியதுமே மஞ்சள் எரிந்தது. வாய் திறந்து அவள் ஒன்றும் சொல்லவில்லை. முகம்கூட அமைதியாகத்தான் இருந்தது.

தங்கபுஷ்பம் அந்த விளக்கையும் அவள் முகத்தையும் பார்த்தார். "இப்படி எத்தன பேரு என் கட்டில்ல சத்தமில்லாமக் கிடந்திருக்காளுவ" என்று தனக்குள் பேசுவதுபோலச் சொன்னார். "பயமில்லாமக் கிடக்காளுவன்னுல்லா நெனச்சேன்." அன்றிலிருந்து அவர் வாதாடவில்லை. அதற்காக முழுதாக நம்பிவிடவும் இல்லை. ஒவ்வொரு ஆபத்தையும் பச்சையாக எடுத்துச் சொன்னார். ரத்தம் அதிகம் போனால் என்ன, தொப்புள்கொடி முன்னால் வந்தால் என்ன, பிள்ளையின் தோள் மாட்டிக்கொண்டால் என்ன. ஒவ்வொன்றுக்கும் வினோலியா தன் விருப்பத்தைச் சொன்னாள். டைட்டஸும் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொண்டான்.

ரத்த அழுத்தம் ஒரு வாரம் இறங்கும், மறுவாரம் ஏறும். எட்டாம் மாதம் நடுவில் ஒருநாள் எகிறிவிட்டது. வேறு வழியில்லை என்று டாக்டர் வருத்தத்தோடு தணிப்புக்கு நாள் குறித்தார். வினோலியா வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்து, மகளின் முகத்தை மனசுக்குள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். புருவம், உதடு, நெற்றியில் ஒட்டிய முடி. விடைபெறுகிறாள் என்று டைட்டஸுக்குப் புரிந்தது. அவன் அவளைத் தேற்றப் பார்க்கவில்லை. "அவ எப்படி இருப்பான்னு சொல்லு. நான் வச்சுக்கிடுதேன்" என்றான்.

அவள் சொல்லச் சொல்ல அவன் அழுதான். முதன்முறையாக இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். மறுநாள் பரிசோதனையில் அழுத்தம் இறங்கியிருந்தது. அடுத்த பரிசோதனையிலும் ஏறவில்லை. டாக்டர் குறித்த நாளை அழித்தார்.

*

பங்குனி வெயில் சாயத் தொடங்கிய ஒரு பிற்பகலில் வலி வந்தது. அவள் நின்றாள், நடந்தாள், டைட்டஸின் தோளைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள், மனசாரக் கத்தினாள். "நல்லாக் கத்து தாயி" என்றார் தங்கபுஷ்பம். ஒவ்வொரு முறையும் "பாக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டே தொட்டார். ஒருமுறை மஞ்சள் எரிந்தது. எல்லோரும் கையை எடுத்தார்கள். அவள் ஜன்னல் வழியே கடலைப் பார்த்து மூச்சுவிட்டாள். விளக்கு அணைந்தது.

தலை வெளியே வந்தது. அதோடு நின்றது.

தங்கபுஷ்பத்தின் கண்ணும் டாக்டரின் கண்ணும் சந்தித்தன. பிள்ளையின் தோள், தாயின் இடுப்பெலும்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டுவிட்டது. தாமதிக்க முடியாது. அதை விடுவிக்க முதலில் செய்ய வேண்டியது தாயின் கால்களை மடக்கி நெஞ்சோடு சேர்த்து இழுப்பது. வினோலியாவின் படத்தில் எது அதிகமாகச் சிவந்திருந்ததோ, அதே பிடி.

மஞ்சள் விளக்கு பளீரென்று எரிந்தது. வினோலியாவின் சத்தம் நின்றுபோயிருந்தது. கண்கள் எங்கோ போய்க்கொண்டிருந்தன.

தங்கபுஷ்பம் காலைப் பிடிக்கவில்லை. அவள் முகத்துக்கு நேரே வந்தார்.

"வினோலியா. என்னையப் பாரு. தோள் மாட்டிக்கிட்டு. காலை மடக்கணும், இப்பவே. நான் பிடிக்கவா, நீ பிடிக்கியா?"

மிகத் தொலைவிலிருந்து திரும்பி வருவதுபோல அவள் திரும்பினாள்.

"நானே" என்றாள்.

தன் முழங்கால்களைத் தானே பற்றித் தன் நெஞ்சை நோக்கி முழுப் பலத்தோடு இழுத்தாள். "நீங்களும் பிடிங்க" என்று டைட்டஸிடம் சொன்னாள். அவன் பிடித்தான். "வயித்துக்குக் கீழ அழுத்தப் போறேன்" என்றார் டாக்டர். "செய்ங்க!" என்று அவள் அலறினாள். அது அனுமதியாகவும் இருந்தது, கட்டளையாகவும் இருந்தது. மஞ்சள் விளக்கு எப்போது அணைந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. பிள்ளை வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. ஒரு கணம் நீலமாகக் கிடந்தது. பிறகு கோபத்தோடு அழுதது.

"ஆம்பளப் பிள்ள" என்றார் தங்கபுஷ்பம்.

*

மறுநாள் காலையில் பையன் அவள் மார்பில் கிடந்தான். "நெத்தியத் துடைச்சுவிடட்டா?" என்று கேட்டு, அவள் தலையசைத்ததும் தங்கபுஷ்பம் ஈரத்துணியைப் பிழிந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் பிள்ளையின் நெற்றியில் விழுந்து ஓடியது.

வினோலியா அசையாமல் அதைப் பார்த்தாள்.

"யாரோ இப்படித் தண்ணி ஊத்தினாங்க" என்றாள். "அவளுக்கு. நெத்தியில. பச்சச் சேலை. 'பிள்ளைக்கு என்ன பேரும்மா'ன்னு கேட்டாங்க. நான்... நான் சொன்னேன்."

டைட்டஸ் எழுந்து நின்றுவிட்டான். பிள்ளைக்குப் பேரே வைக்கவில்லை, ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்றுதான் இருவரும் இத்தனை காலமும் நினைத்திருந்தார்கள்.

செய்தி கேட்டு வந்த டாக்டர் மறைக்காமல் பேசினார். "பதியவே இல்லன்னு நெனச்ச கறுப்புத் திட்டு இதுவா இருக்கலாம். பயம் மேல உக்காந்திருந்தா அடியில இருக்கிறது தெரியாது. ஆனா மனசு ஆறுதலுக்காகத் தானே கட்டிக்கவும் செய்யும். நிச்சயமாச் சொல்ல எனக்குத் தெரியாது."

"நான் விசாரிக்கேன்" என்றான் டைட்டஸ்.

பழைய மருத்துவமனையில் ஆள் மாற்றி ஆளாகக் கேட்டு, அன்றைக்கு அந்த வார்டில் ஆயாவாக இருந்து ஓய்வுபெற்ற இசக்கியம்மாளின் எண்ணை வாங்குவதற்குள் மாலையாகிவிட்டது. கட்டில் மேல் போனை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி அழைத்தான். தங்கள் பேரையும் ஊரையும் நடந்ததையும் மட்டும் சொன்னான். தண்ணீரைப் பற்றி வாய் திறக்கவில்லை.

எதிர்முனையில் ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தம் நின்றது.

"கழுத்துல மாதா படம் வச்ச உத்தரியக் கயிறு போட்டுக் கிடந்தாளே, அந்தப் பிள்ளையா?" என்றது ஒரு தளர்ந்த குரல். "உயிரோட இருக்காளா? நல்லா இருக்காளா? அன்னைக்கு அவ கிடந்த கிடையப் பாத்து எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கல. எங்க சாமி வேற, அவுக சாமி வேற. ஆனா பிள்ள நிக்காதுன்னு தெரிஞ்சா உங்காளுக தண்ணி ஊத்திப் பேரு வைப்பாவன்னு கேள்விப்பட்டிருக்கேன். யாரும் செய்யலையேன்னு நானே ஊத்துனேன். தப்புன்னா மன்னிச்சிருங்கய்யா."

"தப்பில்லம்மா" என்றான் டைட்டஸ், குரல் உடைய. "என்ன பேரு வச்சீங்க?"

"நான் எங்க வச்சேன்? அவதான் சொன்னா. இஸ்டெல்லான்னு."

வினோலியா காலையில் டாக்டரிடமும் டைட்டஸிடமும் சொன்ன பேர் அதுதான். ஸ்டெல்லா. டாக்டர் நிலோஃபர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

டைட்டஸ் போனுக்கு அருகே குனிந்தான். "அம்மா, எம்மகள நான் பாக்கல. அவ யார மாதிரி இருந்தா?"

"அத ஏன் கேக்கிய" என்று இசக்கியம்மாள் தொடங்கவும், "நெத்தியப் பாத்தா உங்க..." என்று வினோலியா தொடங்கவும் சரியாக இருந்தது. இருவரும் நிறுத்தவில்லை. போனிலிருந்து ஒரு குரலும் கட்டிலிலிருந்து ஒரு குரலும் ஒரே பிள்ளையின் மூக்கையும் முடியையும் கண்ணையும் சொல்லிக்கொண்டே போயின. எதைக் கேட்பது என்று தெரியாமல், டைட்டஸ் போனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.